மூக்கின் நான்கெல்லை

ஒருவருக்குப் பேச்சு நின்றுபோன பிறகு அவருக்காகப் பேச வேண்டியவர் யார்? அவர்மேல் உயிரையே வைத்திருப்பவரா, அவரைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் எடைபோடத் தெரிந்தவரா? சின்னமனூர்க் கடைவீதியில் முப்பத்தைந்து வருஷம் வெற்றிலை விற்ற மாயக்காளை நினைக்கும்போதெல்லாம் பத்திர எழுத்தர் பேச்சிமுத்துவுக்கு இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கும். அவர் எழுதிய பத்திரங்களுக்குக் கணக்கில்லை. எழுதி முடித்ததும் மறந்துவிடுவதுதான் அவர் வழக்கம். மறக்க முடியாமல் போனது மாயக்காளுக்கு எழுதியது ஒன்றுதான்.

அவளைப் புகழ்ந்து சொல்ல அவரிடம் அதிகம் இல்லை. முன்கோபக்காரி. கேட்டவருக்கு ஒரு விரல் சுண்ணாம்பு கூடுதலாகத் தர மாட்டாள். கோயிலுக்குப் போனால் சாமியிடமும் வாதாடிவிட்டுத்தான் திரும்புவாள். நல்லது என்று சொல்ல இரண்டு விஷயங்கள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே எந்தக் கொடிக்காலில் கிள்ளிய வெற்றிலை என்று சொல்லிவிடுவாள். இரண்டாவது, எதிராளி பேசி முடிக்கும் முன்பே அவளிடம் பதில் தயாராக இருக்கும்.

எதிராளி என்றால் பெரும்பாலும் அக்கம்மாள்தான். வேலுச்சாமியின் சைக்கிள் கடைக்கு வடபுறம் மாயக்காளின் கூடை, தென்புறம் அக்கம்மாளின் கூடை. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே சரக்கு. நூறு வெற்றிலை கொண்டது ஒரு கவுளி. மாயக்காளின் கவுளியில் தொண்ணூற்றெட்டுதான் இருக்கும் என்று அக்கம்மாள் 1959இல் ஒரு கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அன்றோடு இருவருக்கும் நேர்ப்பேச்சு நின்றது. ஜாடைப் பேச்சு தொடங்கியது. நடுவில் இருந்த வேலுச்சாமியின் காதுகள்தான் இரண்டு பேருக்கும் தபால் பெட்டி.

"ஏப்பா வேலுச்சாமி, ஒன் பம்புல காத்து நெறைய இருக்கும் போல. சில பேரு வாயில இருக்குற மாதிரி" என்பாள் அக்கம்மாள்.

"அந்தக் காத்தாவது டயருக்கு ஆகும் வேலுச்சாமி. சில பேரு வாயில வர்றது எதுக்கு ஆகும்?" என்பாள் மாயக்காள்.

வேலுச்சாமி பம்பை அடித்துக்கொண்டிருப்பான். ஒருத்தி கடைக்கு வராத நாளில் மற்றவளுக்கு வியாபாரம் கூடும், முகம் மட்டும் சோர்ந்திருக்கும் என்று அவன் பேச்சிமுத்துவிடம் ஒரு தடவை சொன்னான். அதை அவர் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1973இல் மாயக்காளின் கணவர் குருசாமிக்குப் பக்கவாதம் வந்தது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு நாள் கிடந்தார். விழுங்க முடியவில்லை என்று மூக்கு வழியாக வயிறுவரை ரப்பர் குழாய் இறக்கியிருந்தார்கள். அதில் பாலும் முட்டைக் கரைசலும் வேளை தவறாமல் போயின. அவர் இரண்டு தடவை அதைப் பிடுங்கி எறிந்தார். பிறகு கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டி வைத்தார்கள். அங்கிருந்தவர்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள் என்று மாயக்காளே சொல்வாள். முப்பதாவது நாள், கட்டுக்குள் இருந்த வலது கையின் இரண்டு விரல்களைச் சேர்த்து அவர் வாய்ப்பக்கம் அசைத்தார். நாற்பது வருஷமாக அவளிடம் வெற்றிலை கேட்கிற சைகை அது. மடித்த வெற்றிலை அவள் சுருக்குப்பையில் இருந்தது. நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் கூடாது என்று தலையாட்டினாள். மாயக்காள் பையின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டாள். மூன்றாம் நாள் காலையில் அவர் போய்விட்டார்.

நான்கு வருஷம் கழித்து, ஆவணி மாதத்தில் ஒரு நாள், அவள் பஸ் ஏறி உத்தமபாளையத்துக்கு வந்தாள். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே இருந்த பேச்சிமுத்துவின் மேஜைக்கு முன்னால் கூடையை இறக்கி வைத்தாள். கூடவே சாட்சிக் கையெழுத்துக்கு வேலுச்சாமி.

"ரைட்டரு தம்பி, ஒரு பத்திரம் எழுதணும்."

எந்தச் சொத்துக்கு என்று அவர் கேட்டார். என் மூக்குக்கு என்றாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் விளையாடவில்லை. குருசாமியின் கதையைச் சொன்னாள். அழவில்லை. சுருக்குப்பையைத் திறந்து, உலர்ந்து கறுத்துப்போன ஒரு வெற்றிலை மடிப்பை எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டாள்.

"வயிறு நெறஞ்சுச்சு தம்பி. ஆளு பட்டினி" என்றாள். "எனக்கும் ஒரு நாளு அப்பிடி வரும். அன்னைக்கு எனக்குப் பேச்சு இருக்காது. அதனாலதான் இன்னைக்கே எழுதி வைக்கிறேன். என் மூக்குல கொழா ஏத்தக் கூடாது."

இப்படி ஒரு பத்திரத்தைச் சட்டம் அறியாது, ரிஜிஸ்திரார் தூக்கி எறிவார் என்று பேச்சிமுத்து பொறுமையாக எடுத்துச் சொன்னார். பதிய வேண்டாம், முத்திரைத்தாளில் எழுதினால் போதும், தாளைப் பார்த்தாலே நம் ஊர்க்காரர்கள் பயப்படுவார்கள் என்றாள். அதில் உண்மை இருந்ததால் அவர் பேனாவைத் திறந்தார்.

உத்தமபாளையம் தாலுகா சின்னமனூர் காலஞ்சென்ற குருசாமி மனைவி மாயக்காள் ஆகிய நான் சுயபுத்தியுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதிவைத்த உறுதிப் பத்திரம் என்னவென்றால், என்பதுவரை பேனா தானாக ஓடியது. அதன்பின் அவளுடைய நிபந்தனைகள். மூக்கில் குழாய் போடக் கூடாது. கையைக் கட்டக் கூடாது. வாயால் இறங்குகிறது இறங்கட்டும், இறங்காதது போகட்டும். இவ்வளவும் எழுதிய பிறகு, சொத்து விவரம் என்ற தலைப்பின் கீழே இருபத்தைந்து வருஷப் பழக்கத்தில் அவர் கை நான்கெல்லை எழுதிவிட்டது. எழுதியதை உரக்கப் படித்தபோதுதான் அவருக்கே தெரிந்தது.

"நெற்றிக்குத் தெற்கு, மேல் உதட்டுக்கு வடக்கு, வலது கன்னத்துக்குக் கிழக்கு, இடது கன்னத்துக்கு மேற்கு, இதற்குட்பட்ட மூக்கு ஒன்று, துவாரம் இரண்டு."

அடித்துவிடலாம் என்று பேனாவைக் கொண்டு போனார். மாயக்காள் விடவில்லை. எல்லை இல்லாத சொத்தை எவனும் மதிக்க மாட்டான் என்றாள். கண்ணை மூடி, விரலால் தன் முகத்தைத் தடவிப் பார்த்தாள். வெற்றிலை பார்க்கிற அதே விரல்.

"ஏன் தம்பி, நெத்திக்குத் தெக்க மூக்குன்னா தலைய வடக்க வச்சுல்ல படுத்திருக்கேன்? உசுரோட இருக்கவ வடக்க தலை வைப்பாளா?"

பேச்சிமுத்து யோசித்துப் பார்த்தார். பத்திரத்தில் பிழை இருப்பது நிஜம். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்து, அவளைக் கிழக்கே தலைவைத்துப் படுக்கப்போட்டு எழுதினார். நெற்றிக்கு மேற்கு, மேல் உதட்டுக்குக் கிழக்கு, வலது கன்னத்துக்குத் தெற்கு, இடது கன்னத்துக்கு வடக்கு. இந்த மூக்கின்மேல் வில்லங்கம் ஏதும் உண்டா என்று வேலுச்சாமி கேட்டான்.

"மூக்குத்தி ஒண்ணு இருந்துச்சு. அதை வித்துத்தான் மகனுக்குக் கண்ணாலம் முடிச்சேன். இப்ப வில்லங்கம் இல்ல" என்றாள் மாயக்காள். அன்று பேச்சிமுத்து சிரித்ததை எதிர்வரிசை டீக்கடைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். அவர் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை.

தகராறு வந்தால் தீர்ப்பது யார் என்று ஒரு வரி இல்லாமல் அவர் எந்தப் பத்திரத்தையும் முடிப்பதில்லை. இதற்கும் ஒன்று வேண்டும் என்றார். அவளுக்கு ஒரே மகன், தங்கபாண்டி. கூடலூருக்கும் குமுளிக்கும் ஜீப் ஓட்டுகிறவன். அம்மாவுக்குத் தும்மல் என்று கேள்விப்பட்டால் ஜீப்பை மலைப்பாதையில் நிறுத்திவிட்டு ஓடி வரக்கூடியவன். அவன் பெயரை எழுதத் தாளில் இடம்கூட விட்டுவைத்தார்.

மாயக்காள் வேலுச்சாமியை எதிர்வரிசை டீக்கடைக்குப் போய்வரச் சொன்னாள். அவன் போனதும் முன்னால் குனிந்தாள். "அக்கம்மா" என்றாள்.

"எந்த அக்கம்மா?"

"ஒங்களுக்கு எத்தனை அக்கம்மாளத் தெரியும்? எழுதுங்க."

ஏன் என்று கேட்டார். எழுதச் சொன்னதற்குக் காரணமும் எழுத வேண்டுமா என்று அவள் திருப்பிக் கேட்டாள். சந்தேகம் எதுவும் வந்தால் மேற்படியூர் அக்கம்மாள் சொல்வதே என் சொல், என்று எழுதினார். அவள் கட்டைவிரல் ரேகை வைத்தாள். கூலியோடு ஒரு கவுளி வெற்றிலையும் கொடுத்தாள். இரவு வீட்டில் அவர் மனைவி எண்ணிப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு இருந்தது.

இது நடந்து ஒன்றரை வருஷத்தில், 1979 மாசி மாதம், கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மாயக்காள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. தங்கபாண்டி ஜீப்பில் போட்டுத் தேனிக்குக் கொண்டுபோய், டாக்டர் கிருபாவதியின் சிறிய ஆஸ்பத்திரியில் சேர்த்தான். மூன்றாம் நாள் குழாய் போட வேண்டும் என்று பேச்சு எழுந்ததை வேலுச்சாமி வந்து பேச்சிமுத்துவிடம் சொன்னான்.

எதுவும் தெரியாதவர்போல இருந்துவிடலாமா என்று பேச்சிமுத்து ஒரு மணி நேரம் யோசித்ததுண்டு. அந்தத் தாளுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்பது மற்ற எவரையும்விட அவருக்குத் தெரியும். ஆனாலும் தன் கையெழுத்தில் ஒருத்தி தன் வாயைக் கொடுத்து வைத்திருக்கிறாள் என்பது அவரை உட்கார விடவில்லை. நகலை எடுத்துக்கொண்டு சின்னமனூர்க் கடைவீதிக்குப் போனார்.

அக்கம்மாள் அவர் படித்ததைக் கேட்டாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு காலியாகக் கிடந்த வடபுறத்தைப் பார்க்காமல் சைக்கிள் கடைப் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியா வேலுச்சாமி. இருபது வருஷமா இவ பேச்ச நான் கேட்டதில்ல. இப்ப மட்டும் கேட்டுருவேன்னு நெனச்சாளாக்கும்."

ஈரச்சாக்கால் கூடையை மூடினாள். அன்று கவுளி கட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த வெற்றிலையில் ஒரு பிடியை மடியில் செருகிக்கொண்டு தேனி பஸ்ஸில் ஏறினாள். பேச்சிமுத்துவும் பின்னால் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் அவள் முதலில் பார்த்தது கட்டிலை. மாயக்காளின் தலை வடக்கே இருந்தது. பத்திரத்தில் கிழக்கு என்றல்லவா இருக்கிறது, முதலில் கட்டிலைத் திருப்புங்கள் என்றாள். டாக்டர் கிருபாவதி பத்திரத்தை வாங்கிப் படித்தார். நான்கெல்லை வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினார். பிறகு அவரே கட்டிலின் ஒரு காலைப் பிடித்துத் திருப்பினார். விழித்துக் கிடந்த மாயக்காளின் கண், கட்டிலோடு சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றி அக்கம்மாள்மேல் வந்து நின்றது.

தங்கபாண்டிக்கு இதில் எதுவும் சிரிப்பாக இல்லை. பெற்ற மகன் நான் இருக்க வீதியில் சண்டை போடுகிறவளா முடிவு சொல்வது என்று கேட்டான். நியாயமான கேள்வி என்றுதான் பேச்சிமுத்துவுக்கும் பட்டது. ஆனால் தாளில் இருந்த பெயர் அதுதான்.

டாக்டர் மறைக்காமல் பேசினார். கணவருக்கு நேர்ந்ததுபோலவே இதுவும் முடியும் என்று சொல்ல முடியாது. தொண்டை இப்போது தூங்குகிறது. இப்போது வாய்வழி எதைக் கொடுத்தாலும் நுரையீரலுக்குப் போகும். சில வாரம் குழாய் வழியாகத் தெம்பு கொடுத்தால் தொண்டை விழித்துக்கொள்ளலாம். விழிக்காமலும் போகலாம். அப்படிப் போனால் குழாயோடு எத்தனை மாதம் என்பது யாருக்கும் தெரியாது.

"எத்தனை நாளுன்னு சொல்லுங்கம்மா" என்றாள் அக்கம்மாள்.

சொல்ல முடியாது, இரண்டு வாரம், மூன்று வாரம், பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர்.

"எண்ண முடியாததுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். பத்து."

"பதினாலு நாளாவது வேணும்மா."

"பத்து. பதினொண்ணாவது நாளு நீங்க எடுக்கலேன்னா நான் எடுப்பேன். அதுக்கப்பறம் வாயால எறங்குனது எறங்கட்டும். மறுபடி கொழா கெடையாது. கையைக் கட்டக் கூடாது."

கையைக் கட்டாவிட்டால் பிடுங்கிவிடுவார்களே என்றாள் நர்ஸ். நான் பிடித்துக்கொள்கிறேன் என்றாள் அக்கம்மாள்.

பேச்சிமுத்து குறுக்கிட்டார். குழாயே கூடாது என்றுதான் பத்திரம் சொல்கிறது, இது அதற்கு விரோதம் என்றார். சந்தேகம் வந்தால் நான் சொல்வதுதான் அவள் சொல் என்று யார் எழுதியது என்று அக்கம்மாள் கேட்டாள். அவர் தாளைப் பார்த்தார். அவருடைய எழுத்துத்தான். டாக்டர் அக்கம்மாள் பக்கம் திரும்பினார். குழாய் போடுங்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு, போடாதீர்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு, என்றைக்கு எடுப்பீர்கள் என்று முதலிலேயே கேட்டவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். ஒத்துக்கொண்டார்.

குழாய் இறங்கும்போது மாயக்காள் பார்த்த பார்வையைப் பேச்சிமுத்துவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நம்பி ஒப்படைத்ததற்கு இதுவா பலன் என்று அவருக்கே தோன்றியது. அக்கம்மாள் மட்டும் அந்தக் கண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாயக்காளின் இடது கை குழாயை நோக்கி எழுந்தது. அக்கம்மாள் அதை எட்டிப் பிடித்தாள். இருபது வருஷத்தில் ஒருவரை ஒருவர் தொட்டது அதுதான் முதல் தடவை.

பிடித்த கையை அவள் பத்து நாளும் விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சாப்பிடவும் குளிக்கவும் போகும்போது தங்கபாண்டியின் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். காலையில் மடியிலிருந்து ஒரு வெற்றிலை எடுத்து ஜன்னல் கம்பியில் செருகுவாள். அதுதான் நாள் கணக்கு. கட்டில் பக்கத்தில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் இரும்புக் கம்பம் நின்றது. வேலுச்சாமி இல்லாத குறையை அந்தக் கம்பம் தீர்த்தது.

"கேளு கம்பமே, நேத்து மார்க்கையன்கோட்டைக் கல்யாணத்துக்கு அம்பது கவுளி நான்தான் குடுத்தேன். சில பேரு படுத்துக் கெடக்காக, யாவாரம் எனக்கு. இன்னும் பத்து நாளு கெடக்கட்டும்."

பதில் வரவில்லை. முதல் ஐந்து நாள் அக்கம்மாள் எவ்வளவோ ஏசிப் பார்த்தாள். பதில் வராத சண்டை உப்பில்லாத கூழ்போல இருக்கிறது என்று நர்ஸிடம் குறைப்பட்டாள். ஆறாம் நாள், தொண்ணூற்றெட்டு வெற்றிலைக் கதையை அவள் கம்பத்துக்கு முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் பேச்சு பாதியில் நின்றது. உள்ளங்கையைப் பார்த்தாள். மாயக்காள் நகம் பதியக் கிள்ளியிருந்தாள்.

அக்கம்மாள் எழுந்து வாசல்வரை போய், கேட்டவர் கேளாதவர் எல்லாரையும் கூப்பிட்டுக் கையைக் காட்டினாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஏச்சுக்கும் ஒரு கிள்ளு விழுந்தது. பெரிய ஏச்சுக்கு முறுக்கிக் கிள்ளு. வார்டில் இருந்த மற்ற நோயாளிகள் பக்கம் பிரிந்து கட்சி கட்டினார்கள். கையில் பலம் ஏறுகிறது என்று டாக்டர் கேஸ் சீட்டில் குறித்துக்கொண்டார். என்ன வைத்தியம் என்று குறிக்கவில்லை.

பத்தாம் நாள் காலை பத்தாவது வெற்றிலை ஜன்னலில் ஏறியது. டாக்டர் குழாயை எடுத்தார். அன்றைக்குத்தான் கெடு என்று ஊரில் தெரிந்திருந்ததால், உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் செம்பில் பாலோடு வந்திருந்தார்கள். போகிற உயிருக்குக் கடைசிப் பால் ஊற்றுவது வழக்கம். குழாய் எடுத்தாயிற்று என்றால் அதற்குத்தான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். டாக்டர் கை கழுவப் போன இடைவெளியில் ஒருத்தி பக்தியோடு ஒரு கரண்டிப் பாலை மாயக்காளின் வாயில் ஊற்றிவிட்டாள்.

மாயக்காளுக்குப் புரை ஏறி முகம் சிவந்து, கண் பிதுங்கியது. டாக்டர் ஓடி வந்து பக்கவாட்டில் திருப்பி முதுகில் தட்டினார். மூச்சு திரும்ப வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது. தங்கபாண்டி அழுதுவிட்டான். "இப்பவே திருப்பிப் போடுங்க டாக்டரம்மா. எனக்கு எங்காத்தா வேணும்" என்றான். பெண்கள் குரலெடுக்கத் தயாரானார்கள். எல்லாரும் அக்கம்மாளைப் பார்த்தார்கள். பேச்சிமுத்துவும் பார்த்தார். அந்த நேரத்தில் அவள் சரி என்று சொல்லியிருந்தால் அவர் குறை சொல்லியிருக்க மாட்டார்.

"ஒனக்கு வேணும்டா தங்கபாண்டி. எனக்குந்தான் வேணும்" என்றாள் அக்கம்மாள். "பத்துன்னு எண்ணியாச்சு. எண்ணுனது எண்ணுனதுதான்."

பிறகு டாக்டரிடம் திரும்பி, பால் ஏன் வழி மாறிப் போனது என்று கேட்டாள். தண்ணீர்போல இருப்பது தொண்டை திறக்கும் முன்பே ஓடிவிடுகிறது, கெட்டியாக இருந்தால் மெதுவாகப் போகும், தொண்டைக்கு நேரம் கிடைக்கும் என்றார் அவர். கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சிப் பார்க்கலாம் என்றார். அக்கம்மாள் கொஞ்சம் யோசித்தாள். காலையில் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் பருத்திப்பால் வண்டி ஒன்று போகும். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பால் எடுத்து, அரிசிமாவும் கருப்பட்டியும் போட்டுக் கரண்டி நிற்கிற பதத்துக்குக் காய்ச்சியது.

"ஏலே, ஓடு. அந்த வண்டிய நிப்பாட்டு" என்று தங்கபாண்டியை விரட்டினாள்.

டாக்டர் நிமிர்த்தி உட்கார வைத்தார். மாயக்காளின் மோவாயைத் தாழ்த்திப் பிடித்தார். அக்கம்மாள் அரைக் கரண்டி எடுத்து ஊதி நாக்கில் வைத்தாள். மாயக்காளின் வாய் மெல்ல அசைந்தது. தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. இருமல் வரவில்லை. இரண்டாவது அரைக் கரண்டி. மூன்றாவது. கால் டம்ளர் போன பிறகு அவள் உதட்டைக் கோணினாள். கண்ணைத் திருப்பி இரும்புக் கம்பத்தைப் பார்த்தாள். அக்கம்மாளைப் பார்க்கவில்லை. இத்தனை நாள் வராத குரல் கரகரவென்று வந்தது.

"கருப்பட்டி… பத்தல."

முதலில் சிரித்தது அந்தப் பால் செம்புக்காரிதான். பிறகு வார்டே சிரித்தது. தங்கபாண்டி அழுகையை நிறுத்தாமலேயே சிரித்தான். வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு வரச் சொல்லி எல்லா நோயாளிகளுக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தான். வண்டிக்காரரை நிறுத்தி வைத்து, எங்கள் ஆத்தா சொல்கிறாள், கருப்பட்டி பத்தவில்லை என்று நான்கு தடவை சொன்னான். அவர் நாலாவது தடவையும் சரி தம்பி என்றார். டாக்டர் கிருபாவதியும் ஒரு டம்ளர் குடித்தார். அந்த அம்மாள் சொல்வது சரிதான் என்றார். பேச்சிமுத்து தன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலில் இருந்த பத்து வெற்றிலைகளையும் ஒரு தடவை எண்ணினார்.

ஒரு மாதத்தில் மாயக்காள் கைத்தடி ஊன்றி நடந்தாள். பேச்சு பாதிதான் திரும்பியது. அந்தப் பாதி அக்கம்மாளை ஏசுவதற்குப் போதுமானதாக இருந்தது. கூடை சைக்கிள் கடைக்கு வடபுறம் மறுபடி வந்து உட்கார்ந்தது. வேலுச்சாமியின் காதுகளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அப்படிப் பேசாமலே இன்னும் ஐந்து வருஷம் ஓடியது. 1984இல் ஒரு மத்தியானம், வாயில் வெற்றிலையோடு, ஓர் ஏச்சின் நடுவில் மாயக்காள் கண்ணை மூடினாள். குழாய்க்கும் பத்திரத்துக்கும் அவள் நேரம் கொடுக்கவில்லை. பதில் சொல்லாமலே போய்விட்டாள் என்று அக்கம்மாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பேச்சிமுத்து நினைத்து நினைத்துப் பார்ப்பது அதற்கு முன்னால் நடந்ததை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அதே வருஷம், சித்திரை வெயிலில், வேலுச்சாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு மாயக்காள் உத்தமபாளையத்துக்கு வந்தாள். பழைய பத்திரத்தை மேஜைமேல் விரித்தாள். திருத்த வேண்டும் என்பது சைகையிலேயே புரிந்தது. பெயரை மாற்றப் போகிறாள் என்று அவர் நினைத்தார். கூடாது என்று எழுதிவைத்தும் குழாயை ஏற்றியவள் பெயர் அல்லவா அது.

அவள் விரலை முதல் நிபந்தனையின்மேல் வைத்தாள். மூக்கில் குழாய் போடக் கூடாது.

"அடிங்க."

அவர் அடித்தார். விரல் கீழே இறங்கியது. கையைக் கட்டக் கூடாது என்பதையும் அடிக்கச் சொன்னாள். வாயால் இறங்குவது பற்றிய வரியையும் அடிக்கச் சொன்னாள். நான்கெல்லையின்மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது. கிழக்கு மேற்கு தெற்கு வடக்கு எல்லாவற்றையும் தடவியது. அதையும் அடிக்கச் சொன்னாள். அடித்த வேகத்தில் பேனா கடைசி வரிக்கும் போனது. அவள் இடது உள்ளங்கையை அந்த வரியின்மேல் விரித்து வைத்து மூடிக்கொண்டாள்.

சுத்தமாக எழுதியபோது பத்திரத்தில் மிஞ்சியது அவள் பெயரும் தேதியும் ஒரே ஒரு வரியும்தான். அக்கம்மாள் சொல்வதே என் சொல். எதைப் பற்றி என்றுகூட அதில் இல்லை. இப்படி ஒரு பத்திரம் இருக்க முடியாது என்று அவர் சொன்னார். ஏன் என்று கேட்டார். மகன் இருக்கிறானே என்று கேட்டார். நீ சொல்லாததை அவள் செய்தாளே என்றும் கேட்டார்.

மாயக்காள் மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, இடது கட்டைவிரலை அழுத்தி வைத்தாள். மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். பஸ் வந்துவிட்டதா என்று வேலுச்சாமியைக் கேட்டாள்.